மாடி அறைக்கு ஒரு பரிசுச் சீட்டு

மயிலாப்பூர்,
20-10-2024

சிரஞ்சீவி அம்பிக்கு அக்கா ரஞ்சனியின் ஆசீர்வாதம்.

நானும் உன் மருமான் பரத்வாஜும் இங்கே சௌக்கியம். என் முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் முரண்டு பிடிக்கிறது. ஹாலிஃபாக்ஸில் குளிர் ஆரம்பித்துவிட்டதா? காதை மூடிக்கொண்டு வெளியே போ. உன்னோடு போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் சண்டை வந்துவிடுகிறது. எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது, அதனால் மெயிலில் கடிதமாக எழுதுகிறேன்.

நிற்க. நம் விடுதியின் வலைத்தளத்தில் புதிதாக ஏதோ பரிசுச் சீட்டு என்று ஏற்றி வைத்திருக்கிறாயே, அது எனக்கு முதலில் பிடிக்கவில்லை. ஒருத்தர் காசு கட்டுவாராம், இன்னொருத்தர் வந்து தங்குவாராம், யார் யாருக்கு எதற்குக் கொடுக்கிறார் என்று நாம் வாயைத் திறக்கக் கூடாதாம். இருக்கிறதே ஐந்து ரூம். இதில் இந்தக் கூத்து வேறா என்று நினைத்தேன். ஜஹீதாகூட, "இன்னாக்கா இது, துணிக்கடை கூப்பன் மாறி கீது" என்றாள். சாவி, படுக்கை விரிப்பு, வருகிறவர் போகிறவர் எல்லாம் அவள் பொறுப்பு என்பதால் அவளுக்கும் புரிய வேண்டுமே. பரத்வாஜ் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எங்கள் இரண்டு பேருக்கும் சொல்லிக் கொடுத்தான்.

ஆனால் வாங்குகிறார்களடா! அடையாறிலிருந்து ஒரு பெண் தன் அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு இரண்டு நாள் வாங்கியிருக்கிறாள். நேற்று இன்னொன்று வந்தது. வாங்கினவர் பேர் கிடையாது. தங்கப் போகிறவர் பேர் சுவாமிநாதன். மாடி அறைதான் வேண்டும் என்று குறிப்பு. கீழே இருக்கிற ரூமெல்லாம் ஏசியோடு பளபளவென்று இருக்க, மேலே அந்தப் பழைய ரூம் யாருக்கு வேண்டுமோ?

அதை இன்னும் 'வேம்பு ரூம்' என்றுதான் என் வாய் சொல்கிறது. இந்த மார்கழியோடு இருபது வருஷம். உன் அண்ணா, ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் கடற்கரைக்குப் போகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனவன். சுனாமி வந்து, உடம்புகூடக் கிடைக்காமல், தர்ப்பையில் உருவம் செய்து கொளுத்தினோம். நீ ஊரில் இல்லாததால் உனக்குப் பதில் பரத்வாஜ்தான் மாமாவுக்குத் திதி செய்து வருகிறான். திதியன்றைக்கு வீட்டில் வெளி மனிதர் யாரும் தங்கக் கூடாது. காலண்டரில் அந்த நாளை அடைத்து வைத்துவிடு, மறக்காதே.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
ரஞ்சனி


ஹாலிஃபாக்ஸ்,
3-11-2024

அன்புள்ள அக்காவுக்கு அம்பியின் நமஸ்காரம்.

இங்கே சுகம். குளிர் வந்துவிட்டது, காதும் மூடியிருக்கிறது. உன் முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்புகிறேன். நாற்றம் தாங்காது, ஆனால் கேட்கும்.

திதியைப் பற்றிக் கவலைப்படாதே. போன வருஷமே டிசம்பர் 26-ஐ அடைத்து, 'ஆண்டுதோறும்' என்று போட்டுவிட்டேன். இனிமேல் நீ ஒவ்வொரு வருஷமும் சொல்லவே வேண்டாம்.

அந்தச் சுவாமிநாதன் சீட்டைப் பற்றி: வாங்கினவர் பேர் சொல்ல விரும்பவில்லை என்றால் விட்டுவிடு. வருகிறவரை நன்றாகப் பார்த்துக்கொள். மாடி அறையில் தெருப்பக்கத்து ஜன்னல் சரியாகத் திறக்கிறதா? விரிப்பெல்லாம் புதிதாகப் போடச் சொல். எப்போது வருவார் என்று தெரிந்தால் எனக்கும் ஒரு வரி எழுது.

பரத்வாஜுக்கு என் அன்பு.

அம்பி


மயிலாப்பூர்,
8-12-2024

சிரஞ்சீவி அம்பிக்கு ஆசீர்வாதம். நீ அனுப்பிய தைலம் வந்தது. வீடே குதிரை லாயம் மாதிரி நாறுகிறது. கால் தேவலை.

பரிசுச் சீட்டு ஜோராகப் போகிறது. தரமணியில் ஒரு ஆபீஸில் வேலையை விட்டுப் போகிற ஒருத்தனுக்கு எல்லோரும் சேர்ந்து வாங்கிக் கொடுத்தார்களாம். அவன் பெண்டாட்டியோடு வந்து, எதற்கடா இந்தப் பழைய வீட்டில் கொண்டுவந்து போட்டார்கள் என்று சண்டை. மறுநாள் காலை டிபன் சாப்பிட்டுவிட்டு, இன்னும் ஒரு நாள் இருக்க முடியுமா என்று கேட்டார்கள். கச்சேரி சீசன், ரூம் ஏது? அனுப்பிவிட்டேன்.

சுவாமிநாதன் மட்டும் வரவில்லை. சீட்டு அப்படியே கிடக்கிறது. எனக்கு என்னவோ அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு தடவை முன்பதிவு மணி அடிக்கும்போதும் அவர்தானோ என்று பார்க்கிறேன். முகம் தெரியாத மனிதருக்காக ஏன் இப்படி எதிர்பார்க்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

மார்கழி வருகிறதென்றாலே எனக்கு இப்படித்தான் ஆகிறது. மாடியில் யாரோ நடக்கிறாற்போல் இருக்கும். ஜஹீதாவைக் கேட்டால், "யாரும் இல்லக்கா, நானே இப்பதான் பூட்டிகினு வந்தேன்" என்பாள். உன்னிடம் இதுவரை சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு ஒரு போன் வந்தது. நீ அப்போது ஹாஸ்டலில் இருந்து வந்து சேரவில்லை. அப்பா கூடத்தில் விழுந்து கதறிக்கொண்டிருந்தார். நான்தான் எடுத்தேன். பின்னால் கூட்டச் சத்தம், வேறு ஒன்றும் இல்லை. யாரு, யாரு என்று கேட்டேன். வைத்துவிட்டார்கள். ராங் நம்பராக இருக்கும். இருந்தாலும் இருபது வருஷமாக எந்தப் போன் மணி அடித்தாலும் எனக்கு முதலில் அதுதான் ஞாபகம் வருகிறது.

சரி, புலம்பியது போதும். உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

ரஞ்சனி


மயிலாப்பூர்,
16-1-2025

அம்பிக்கு ஆசீர்வாதம். என் போன கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை, பரவாயில்லை. இது திட்டுகிற கடிதம். உட்கார்ந்து படி.

மக்கு, திதி டிசம்பர் 26 இல்லையடா! மார்கழிப் பௌர்ணமி. போன வருஷம் அது தற்செயலாக 26-ல் வந்து தொலைத்தது. அதைப் போய் ஆண்டுதோறும் என்று போட்டிருக்கிறாயே, சர்க்கார் லீவா அது? இந்த வருஷம் ஜனவரி 13, போகியும் ஆருத்ராவும் சேர்ந்த நாள். கனடாவுக்குப் போனால் பஞ்சாங்கம் மறந்து போகுமா? டிசம்பர் 26-ல் ஐந்து ரூமும் காலி. சீசனில் ஆள் வந்து திரும்பிப் போனார்கள். 13-ம் தேதியோ ஹோவென்று திறந்து கிடந்திருக்கிறது. பரத்வாஜ் 12-ம் தேதி ராத்திரி பார்த்து அலறினான். கீழே பதிவு செய்திருந்தவர்களைத் தெரிந்த இடத்துக்கு மாற்றினோம். ஒருத்தருக்கு மட்டும் தகவல் போய்ச் சேரவில்லை.

யாருக்கு என்கிறாய்? அதே சுவாமிநாதனுக்குத்தான். இத்தனை மாதம் வராத மனிதர், சரியாக அன்றைக்கு வந்து நிற்கிறார்.

உள்ளே ஹோமம் நடந்துகொண்டிருந்தது. நான் மடியில் இருக்கிறேன், யாரையும் தொடக் கூடாது. ஜஹீதா பின்கட்டு வாசலில் எட்டி நின்று, "அக்கா, சுவாமிநாதன்னு ஒருத்தர் வந்துகீறாரு. போன்ல சீட்டு காட்றாரு. இன்னா சொல்லட்டும்?" என்றாள். நானே வாசல்வரை போய், எட்டி நின்று, தப்பு எங்கள் மேல்தான், இன்று வீட்டில் ஸ்ரார்த்தம், வேறு நாள் வந்து இரண்டு நாளாக இருந்துவிட்டுப் போங்கள் என்று சொன்னேன். ஒட்டி உலர்ந்த மனிதர். முகத்தில் பாதி நரைத்த தாடி, மீதி கண்ணாடி. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர், "யாருக்கு?" என்று கேட்டார்.

"என் தம்பிக்கு. சுனாமியில போயிட்டான்" என்றேன்.

அவர் போகவில்லை. முன்னால் கார் ஷெட்டை ஆபீஸாக மாற்றியிருக்கிறோமே, அங்கே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். களைப்பாக இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். பிராமணர்கள் சாப்பிட்டு எழுந்தபிறகு பார்க்கிறேன், மனிதர் இன்னும் அங்கேயே இருக்கிறார். சீட்டோடு வந்த ஆளை வெறும் வயிற்றோடு அனுப்ப மனசு வரவில்லை. அங்கேயே இலை போட்டு நானே பரிமாறினேன். நிதானமாகச் சாப்பிட்டார். பாகற்காயை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்ட விருந்தாளியை இப்போதுதான் பார்க்கிறேன். சாப்பிட்டுவிட்டு யாரையும் கேட்காமல் பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைக்குப் போனார். கழுவாத கையோடு திரும்பி வந்தார். ஜஹீதா முன்னால் இருக்கிற குழாயைக் காட்டினாள்.

போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை. திதி வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாது என்று தெரிந்தவர் போலிருக்கிறது. சீட்டு அப்படியே இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

மற்றபடி திதி நன்றாக நடந்தது. காக்கை கூப்பிட்டவுடன் வந்து எடுத்தது. வேம்புவுக்குத் திருப்தி என்றார் திதி செய்து வைத்த வாத்தியார். காலண்டரைச் சரி செய்.

ரஞ்சனி


ஹாலிஃபாக்ஸ்,
11-2-2025

அக்காவுக்கு நமஸ்காரம். இங்கே சுகம். தாமதத்துக்கு மன்னித்துவிடு, ஆபீஸில் வேலை அதிகம்.

காலண்டரைத் திருத்திவிட்டேன். தப்பு என்னுடையதுதான். அது எவ்வளவு பெரிய தப்பு என்று உன்னைவிட எனக்குத் தெரியும்.

அந்தச் சுவாமிநாதன் எப்படி இருந்தார்? ரொம்ப இளைத்திருந்தாரா? இருமினாரா? வயிறு நிறையச் சாப்பிட்டாரா? மந்திரம் சொல்வது ஆபீஸ் வரைக்கும் கேட்குமா? வேறு ஏதாவது பேசினாரா? ஆட்டோவில் போனாரா, நடந்து போனாரா?

சும்மாதான் கேட்கிறேன். வாடிக்கையாளர் மனசு நோகக் கூடாதே.

அம்பி


மயிலாப்பூர்,
13-2-2025

அம்பி, ஆசீர்வாதம். எல்லோரும் சௌக்கியம்.

உனக்கு என்னடா வந்தது? அறுபதாம் கல்யாணத் தம்பதி வந்து தங்கினார்கள், அவர்கள் இளைத்தார்களா பெருத்தார்களா என்று கேட்டாயா? தரமணிப் பையன் என்ன சாப்பிட்டான் என்று கேட்டாயா? இவர் ஒருத்தருக்கு மட்டும் இருமல் உண்டா என்று ஏன் இந்த விசாரணை?

உன் கடிதத்தை ராயர் கடைக் காபி ஆறுகிற மட்டும் வைத்துக்கொண்டு யோசித்தேன். பிறகு ஜஹீதாவைக் கூப்பிட்டு, அவர் கொல்லைப்பக்கம் போய் என்ன செய்தார் என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மோட்டார் கீதுல்ல, அந்த மேடைகிட்ட போயி நின்னுகினு இருந்தாருக்கா. கைய நீட்டி எதையோ தேடுறாப்பல. குழாய் முன்னாடி கீதுன்னு நான்தான் கூட்டினு வந்தேன்."

அம்பி, அங்கே கிணறு இருந்தது. கயிறு சுற்றி வைக்கிற முளை அந்த இடத்தில்தான் இருந்தது. நீ வேலைக்குப் போன வருஷம் அப்பா அதை மூடி, மேலே மேடை கட்டி மோட்டார் வைத்தார். அங்கே கிணறு இருந்தது என்று சீட்டு வாங்கிக்கொண்டு வருகிறவனுக்கு எப்படித் தெரியும்? அது தெரிந்தவனுக்கு அதை மூடியது மட்டும் எப்படித் தெரியாமல் போகும்?

பைத்தியக்காரி என்று திட்டு, பரவாயில்லை. ஒரே கேள்வி. வேம்பு உயிரோடு இருக்கிறானா?

ரஞ்சனி


ஹாலிஃபாக்ஸ்,
2-3-2025

அக்காவுக்கு நமஸ்காரம்.

இங்கே நல்ல பனி. இரண்டு நாள் ஜுரம், இப்போது தேவலை. பரத்வாஜுக்குச் சம்பளம் உயர்ந்ததாக எழுதியிருந்தான், சந்தோஷம். அவனுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தாயா?

பரிசுச் சீட்டு விற்பதை நிறுத்திவிடலாம் என்று நினைக்கிறேன். உனக்கும் அது வீண் தொந்தரவு. நீ சரி என்றால் எடுத்துவிடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்பி


மயிலாப்பூர்,
3-3-2025

அம்பி,

ஆசீர்வாதமெல்லாம் பிறகு. உன் பனியும் ஜுரமும் எனக்கு வேண்டாம். மாடி அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பதினெட்டு நாளாக நான் தூங்கவில்லை. கேட் சத்தம் கேட்டால் ஓடுகிறேன், முழங்கால் வலிப்பதுகூடத் தெரியவில்லை. நேற்று லஸ்ஸில் ஒரு தாடிக்காரர் பின்னாலேயே போய், அவர் திரும்பிப் பார்த்ததும் அசடு வழிந்துகொண்டு வந்தேன்.

கேட்டதற்குப் பதில் எழுது. ஆம் அல்லது இல்லை.

ரஞ்சனி


ஹாலிஃபாக்ஸ்,
9-3-2025

அக்காவுக்கு அம்பியின் நமஸ்காரம்.

ஆம்.

அன்றைக்கு நீ இலை போட்டுப் பரிமாறியது வேம்புண்ணாவுக்குத்தான்.

வலைத்தளத்தில் விசாரிப்பவர்களுக்கு ஒரு பெட்டி வைத்திருக்கிறேனே, அது என் மெயிலுக்குத்தான் வரும். போன வருஷம் ஒருநாள் அதில் ஒரு வரி வந்தது. 'மாடி அறையில் தெருப்பக்கத்து ஜன்னல் இன்னும் முட்டுக் கொடுத்தால்தான் நிற்குமா?' எங்கோ நம் வீட்டுப் படத்தைப் பார்த்திருக்கிறான். நான் யார் என்று கேட்டு எழுதினேன். பத்து நாள் கழித்துப் பேர் எழுதினான். அன்று நான் ஆபீஸ் கழிவறையில் போய் உட்கார்ந்து அழுதேன்.

இருபது வருஷமாகச் சூரத்தில் இருந்திருக்கிறான், மில் வேலை. கல்யாணம் காட்சி ஒன்றும் கிடையாது. உடம்பு முடியாமல் இப்போது ஆதம்பாக்கத்தில் ஒரு ரூமில் இருக்கிறான். உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் விலாசமே கொடுத்தான். அக்காவைப் பார், வீட்டுக்குப் போ என்று எவ்வளவோ கெஞ்சினேன். தம்பி என்று சொல்லிக்கொண்டு அந்தப் படி ஏற மாட்டேன், காசு கொடுத்துத் தங்குகிறவனாக வேண்டுமானால் ஒரு ராத்திரி போய் இருக்கிறேன் என்றான். காசு அவனிடம் இல்லை. என்னிடம் வாங்கவும் மாட்டான்.

அதற்காகத்தான் அக்கா பரிசுச் சீட்டு; பேர் போடாமல் அதை வாங்கினவன் நான்தான், பரிசாக வந்ததை அவனால் மறுக்க முடியவில்லை. உன் வியாபாரத்துக்காக இல்லை. ஒரு ராத்திரி அந்த வீட்டில் இருந்தால் நீயே கண்டுபிடித்துவிடுவாய் என்று நம்பினேன். மற்றவர்கள் வாங்கியதெல்லாம் நான் எதிர்பாராதது. ஜனவரி 13 காலியாக இருக்கிறது என்று அவனுக்குச் சொன்னதும் நான்தான். அவன் திதி என்றைக்கு என்று அவனுக்கே தெரியாது, எனக்கும் தெரியாமல் போய்விட்டது.

அன்றைக்கு அப்புறம் என் மெயிலுக்கு ஒரே ஒரு பதில்தான் வந்தது. 'நன்றாகச் செய்கிறார்கள். அப்படியே இருக்கட்டும்.' அவ்வளவுதான். விலாசம் மட்டும் கேட்காதே. சத்தியத்தில் அது ஒன்றாவது மிஞ்சட்டும்.

அம்பி


மயிலாப்பூர்,
10-3-2025

அம்பி,

உன்னை என்ன செய்வதென்று பிறகு யோசிக்கிறேன். முதலில் நான் எழுதுவதை அவனுக்கு அனுப்பு.

அவன் ஸ்ரார்த்தச் சோற்றை அவனுக்கே போட்டிருக்கிறேன். என் கையால். பாகற்காய் இன்னும் போடட்டுமா என்று கேட்டிருக்கிறேன். பக்கத்தில் நின்றும் எனக்குத் தெரியவில்லையே, நான் என்ன ஜன்மம்? காக்கைவேறு வருஷா வருஷம் ஆசையாக வந்து தின்றுவிட்டுப் போயிருக்கிறது. அதுவாவது வராமல் இருந்திருந்தால் எனக்கு ஒரு சந்தேகம் தட்டியிருக்கும். காக்கையையும் நம்ப முடியாது, தம்பிகளையும் நம்ப முடியாது.

ஜஹீதாவிடம் சொன்னேன். அவளும் அழுதாள். "உசுரோட கீறாரே, அத்த நெனைச்சு சந்தோஷப்படுக்கா" என்று எனக்குக் காபி போட்டுக் கொடுத்தாள்.

அவனை வரச் சொல். திட்ட மாட்டேன், அழ மாட்டேன் என்று சொல். இரண்டும் பொய், இருந்தாலும் சொல்.

ரஞ்சனி


ஆதம்பாக்கம்,
6-4-2025

அக்காவுக்கு வேம்பு அநேக நமஸ்காரம்.

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்பி எழுதியிருந்தான். நான் இருக்கிறேன். இருமல் உண்டு. டாக்டர் என்னென்னவோ சொல்கிறார், அதை விடு.

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. எழுதி எழுதிக் கிழித்தேன். கேட்க உனக்கு உரிமை உண்டு என்பதால் சொல்கிறேன். முதல் நாள் ராத்திரி சாப்பிடும்போது அப்பா, நீ இருப்பதும் ஒன்றுதான் இல்லாததும் ஒன்றுதான் என்றார். உனக்கு ஞாபகம் இருக்காது, அப்பா எனக்குத் தினமும் ஏதாவது சொல்வார். மறுநாள் கடற்கரைக்கு என்று சொல்லிவிட்டு சென்ட்ரலுக்குப் போய் ரயில் ஏறினேன். நாலு நாளில் திரும்பிவிடுகிற கோபம்தான். விஜயவாடாவில் டிவியைச் சுற்றிக் கூட்டம். பார்த்ததும் நீங்களெல்லாம் எப்படி இருக்கிறீர்களோ என்று பதறி, பூத்தில் இருந்து போன் செய்தேன். நீ எடுத்தாய். பின்னால் அப்பா என் பேரைச் சொல்லிக் கதறுவது கேட்டது.

அக்கா, எனக்காக அப்பா அழுவார் என்று அன்றுதான் தெரிந்தது. நான் பேசினால் அது நின்றுவிடும். அடுத்த நிமிஷம் திட்ட ஆரம்பித்துவிடுவார். அதனால் வைத்துவிட்டேன். நாளைக்குப் பேசலாம், அடுத்த மாதம் பேசலாம் என்று தள்ளிப் போட்டதில் வருஷங்கள் ஓடிவிட்டன. அப்புறம் எந்த முகத்தோடு பேசுவது? அம்மா உயிரோடு இருந்திருந்தால் ஒரு நாள்கூடத் தாங்கியிருக்க மாட்டேன்.

அன்றைக்கு உன் ஆபீஸில் உட்கார்ந்திருந்தபோது உள்ளே மந்திரம் கேட்டது. கோத்திரம் சொல்லி, என் பேர் சொல்லி, பரத்வாஜ் எள்ளும் தண்ணீரும் விட்டான். அந்த வீட்டில் என் பேரை அவ்வளவு மரியாதையாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. போனவன் போனவனாகவே இருக்கட்டும். இவ்வளவு நன்றாக வழியனுப்பிவிட்டு, திரும்பக் கூப்பிடாதே.

சீட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடு. தங்க வந்தால் நீ அடையாள அட்டை கேட்க வேண்டும், அது போலீஸ் விதி. என் அட்டையில் சுவாமிநாதன் என்று இருக்கிறது. மில்லில் சேரும்போது வாயில் வந்த பேர், அப்படியே ஒட்டிக்கொண்டது. அந்தப் பேரில் உன் வீட்டில் படுக்க எனக்குப் பொறுக்காது. வேம்பு என்று சொல்லிக்கொண்டு வர என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

பாகற்காய் நன்றாக இருந்தது.

வேம்பு


மயிலாப்பூர்,
9-4-2025

சிரஞ்சீவி வேம்புவுக்கு அக்கா ஆசீர்வாதம்.

சிரஞ்சீவி என்று உனக்கு எழுதி எத்தனை நாளாயிற்று! நான்கு தடவை எழுதிப் பார்த்துவிட்டுத்தான் மேலே போகிறேன். கால் வலி இருக்கிறது. உன் இருமலுக்கு இங்கே ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு நல்ல டாக்டர் இருக்கிறார், அவரிடம் நாள் வாங்கிவிட்டேன்.

நீ பேசினால் அழுகை நின்றுவிடும் என்று வைத்துவிட்டாயாக்கும். நின்றால் நிற்கட்டுமே என்று உனக்குத் தோன்றவில்லையாடா? அது அப்பா சாகிறவரைக்கும் நிற்கவில்லை. கடைசி வருஷங்களில் தினம் சாயங்காலம் பட்டினப்பாக்கம் கடற்கரையில் போய் உட்கார்ந்திருப்பார். கூப்பிட்டால் வர மாட்டார், பரத்வாஜ் போய் அழைத்து வருவான். உன்னிடம் கோபித்துக்கொள்ள எனக்கு ஒரு ஆயுசு போதாது. அதனால் இப்போதே ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது, நேரில்.

போனவன் போனவனாக இருக்கட்டும் என்று எழுதியிருக்கிறாய். அதைச் சொல்ல நீ யார்? எள்ளு இறைத்தது நாங்கள், பட்டினி கிடந்தது நாங்கள். நிறுத்துவதும் எங்கள் இஷ்டம். வாத்தியாரிடம் விஷயத்தைச் சொன்னேன். இருக்கிறவனுக்குச் செய்தால் பாவம், நிறுத்திவிடுங்கோ, ஆனா பையன் முதல்ல ஆத்துக்கு வரட்டும் என்றார். அடுத்த மார்கழிப் பௌர்ணமிக்கு ஐந்து ரூமும் விற்பனைக்குத் திறந்தாகிவிட்டது. இனி அந்த நாள் எனக்கு மற்ற நாள் மாதிரிதான்.

சுவாமிநாதன் பேரில் இருந்த சீட்டை ரத்து செய்துவிட்டேன். அந்த ஆளை எனக்குத் தெரியாது. இன்று காலை பரத்வாஜை உட்கார வைத்து, என் காசைக் கட்டி, நம் வலைத்தளத்திலேயே புதிதாக ஒன்று வாங்கினேன். வாங்கினவர் பேர் ரஞ்சனி. தங்குகிறவர் பேர் வேம்பு. மாடி அறை. வேறு யாருக்கும் மாற்ற முடியாது, பணமாகவும் திருப்ப முடியாது. உன் தம்பி எழுதி வைத்த விதி, நான் ஒன்றும் செய்வதற்கில்லை.

அடையாள அட்டை இல்லை என்ற கவலையும் உனக்கு வேண்டாம். வேம்பு என்ற பேரில், அப்பா பேரும் இந்த வீட்டு விலாசமும் போட்டு, சர்க்கார் முத்திரையோடு ஒரு காகிதம் என்னிடம் இருக்கிறது. உன் மரணச் சான்றிதழ். நகல் எடுத்து ஜஹீதாவிடம் கொடுத்துவிட்டேன். அவள் அதை ரிஜிஸ்தரில் வைத்துக்கொண்டு உன்னிடம் சாவியைக் கொடுப்பாள். போலீஸ் வந்து கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

அதில் போட்டோ கிடையாது. முகம் சரிதானா என்று இந்தத் தடவை நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்கிறேன். வா.

உன் அக்கா,
ரஞ்சனி